வீட்டை அடகு வைத்து எம்பிபிஎஸ் வேண்டாம்

உங்கள் கடிதத்தில் மகள் மூன்றே வரி வருகிறாள். சித்தப்பாவும் பெரியப்பாவும் இரண்டு பக்கம் வருகிறார்கள். நீட் மதிப்பெண் போதவில்லை, வீட்டை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாம் என்கிறீர்கள். கவலை புரிகிறது. ஆனாலும் வேண்டாம் ஐயா. கடனை அடைக்கப்போவது சித்தப்பா இல்லை.

ஏரியில் நுரை பொங்குவது ஏன் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பதில் வாங்கியவள் அவள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை ஏன் கடைசியில் ஒளித்தீர்கள்?

அதையே தொழிலாகச் செய்பவை சுற்றுச்சூழல் கொள்கை ஆய்வு நிறுவனங்கள். டெல்லியில் 1980இல் அனில் அகர்வால் தொடங்கிய அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைப் பாருங்கள். (அவர் கான்பூர் ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டுப் பத்திரிகைக்குப் போனவர். பெரியப்பாவிடம் சொல்லிவையுங்கள்.) வாகனப் புகை பற்றி 1996இல் அம்மையம் அறிக்கை வெளியிட்டது. 1998இல் உச்ச நீதிமன்றம் டெல்லி பஸ்களை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றச் சொன்னது. டீசல் தரப்பு லேசில் விடவில்லை. தூய டீசலே போதும் என்று வாதாடியது. புகையில் வரும் நுண்துகள் கணக்கோடு சலிக்காமல் பதில் எழுத ஆள் வேண்டியிருந்தது. பஸ்கள் மாறி முடிய 2002 ஆயிற்று.

அன்றாட வேலை இப்படி இருக்கும். சுற்றுச்சூழல் விதியைத் திருத்தும் வரைவு அரசிதழில் வருகிறது. ஆட்சேபம் சொல்ல வழக்கமாக 60 நாள். பழைய விதியை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் வைத்து வரிவரியாகப் படிக்கிறார்கள். எந்தச் சொல் நழுவியது, எந்த ஆலைக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு? களத் தரவோடு குறிப்பு தயாராகிறது. அமைச்சகத்துக்கு முழுக் குறிப்பு, நிருபருக்குச் சுருக்கம். எம்.பி.க்கு அரைப் பக்கம்தான்: அவையில் அப்படியே கேட்கக்கூடிய ஒரு கேள்வி. அந்த அரைப் பக்கத்தை எழுதுவதுதான் கடினம்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் குறைவு, பல பணிகள் திட்ட நிதி உள்ளவரைதான். அதனால்தான் படிப்புக்குக் கடனே கூடாது என்கிறேன். அரசுக் கல்லூரியில் புள்ளியியலோ பொருளியலோ படிக்கட்டும், பிறகு சட்டம். இரண்டும் வேறு வேலைக்கும் சோறு போடும். வெளிநாட்டில் பொதுக்கொள்கை முதுகலை என்று யாராவது விளம்பரத்தாளை நீட்டினால், உதவித்தொகை இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இந்த விடுமுறையில் அரசிதழில் வந்த வரைவு ஒன்றை எடுத்து, இரண்டு பக்க ஆட்சேபம் எழுதி, தன் பெயரில் அமைச்சகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாதியில் கொட்டாவி விட்டால் வேறு துறை பேசுவோம். முடித்துவிட்டால் அதன் படியோடு அவளை மட்டும் என்னிடம் அனுப்புங்கள்.