சைவ ஆசிரியை அங்கன்வாடியில் முட்டை கொடுக்கலாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அங்கன்வாடியில் பணிபுரியும் நீங்கள், பிறவியிலேயே சைவம் என்பதால் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்க மனம் ஒப்பவில்லை என்றும், வேலையை விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டியதில்லை.

உங்கள் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை உங்கள் நம்பிக்கை தீர்மானிக்கலாம். குழந்தையின் தட்டை அது தீர்மானிக்கக் கூடாது. கேரள அரசு 2022இல் தொடங்கிய ‘போஷக பால்யம்’ திட்டம் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் தருகிறது. முட்டையை அவிப்பதையும் உரிப்பதையும் ஹெல்பர் பார்த்துக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. ஆனால் பிள்ளைகள் சாப்பிடும்போது நீங்கள் விலகி நின்றாலோ முகம் சுளித்தாலோ, மஞ்சள் கருவை விரலால் நோண்டிக்கொண்டிருக்கும் நான்கு வயதுக் குழந்தை அதை உடனே கண்டுகொள்ளும். தன் வீட்டுச் சாப்பாடே இழிவானது என்று அதன் மனதில் பதிந்துவிடும். எனக்கு இதுதான் பெரிய தீங்காகப் படுகிறது. அமெரிக்காவின் இளங்குழந்தைக் கல்விக்கான தேசியச் சங்கத்தின் ஒழுக்க நெறிகளும், குழந்தைக்குத் தீங்கு செய்யாமையையே மற்ற எல்லா விதிகளுக்கும் மேலாக வைக்கின்றன. மனதைப் புண்படுத்துவதையும் இழிவுபடுத்துவதையும் அத்தீங்கில் சேர்த்தே சொல்கின்றன.

பெற்றோர் வேண்டாம் என்றால் அந்தக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். அது அந்தக் குடும்பத்தின் விருப்பம். உங்கள் சங்கடத்தைச் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஹெல்பர் விடுப்பில் இருக்கும் நாளில் நீங்களே உரித்துக் கொடுக்க நேரும். அன்று மறுப்பது முறையாகாது.