நாலாவது அடியில் விழுவது எப்படி?

கேள்வி: எனக்கு 26 வயது. டொரொண்டோவில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடம் பரதம் கற்று அரங்கேற்றமும் ஆயிற்று. கூட வேலை செய்யும் தோழி 'கிக்கி ஹவுஸ்' என்ற ஒரு குழுவில் இருக்கிறாள். இரண்டு மாதத்தில் அவர்களுடைய பால்ரூம் போட்டி வருகிறதாம், நீயும் வந்து வோக் என்ற அவர்கள் நடனத்தை ஆடு என்கிறாள். பெண் வேடமிட்டு ஆடும் டிராக் ஷோக்களை யூடியூபில் பார்த்திருக்கிறேன். 'டெத் டிராப்' என்று மல்லாந்து விழுவதைப் பார்த்தாலே முதுகு கூசுகிறது. நான் திருநங்கை இல்லை, அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவளும் இல்லை. போய் ஆடலாமா? மானம் போகாமல் திரும்பி வர என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வேண்டாம், டொரொண்டோ

பதில்: முதலில் ஒரு திருத்தம். நீங்கள் போகப்போவது டிராக் ஷோ இல்லை. டிராக் ஷோவில் மேடையேறுகிறவர் பாட்டுக்கு வாயசைத்து ஆடுவார், கூட்டம் டிப்ஸ் கொடுக்கும். பால்ரூம் என்பது போட்டி. நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பிரிவுக்குப் பிரிவு விதி உண்டு, கோப்பை உண்டு, பல இடங்களில் ரொக்கமும் உண்டு. டிராக் உடையே போடாமல் வந்து ஜெயித்துப் போகிறவர்களும் ஏராளம். ('பால்' என்று மட்டும் எழுதினால் நம்மவர்கள் டம்ளரைத் தேடுவார்கள். அதனால் பால்ரூம் என்றே எழுதுகிறோம்.)

ஆடலாமா என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் இதை யார், எதற்காக உண்டாக்கினார்கள் என்று தெரிய வேண்டும். நியூயார்க்கின் ஹார்லமில் ஹாமில்டன் லாட்ஜ் என்ற கறுப்பினத்தவர் சங்கம் 1869இலிருந்தே ஆண்டு நடன விழா நடத்திவந்தது. பிற்காலத்தில் ஆண்கள் பெண் உடையில் வந்து பரிசுக்கு நிற்பதுதான் அந்த விழாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆனால் இப்படிப்பட்ட அழகுப் போட்டிகளில் கறுப்பினத்தவருக்குக் கிரீடம் எளிதில் போகாது. 1967இல் நியூயார்க்கில் நடந்த ஒரு போட்டியில் கறுப்பின டிராக் கலைஞர் கிரிஸ்டல் லபேஜா, முடிவு முன்பே பேசி வைத்தது என்று கேமரா முன்னாலேயே பொரிந்து தள்ளினார். 1972இல் அவரும் லாட்டி லபேஜாவும் ஹார்லமில் தாங்களே ஒரு போட்டி நடத்தினார்கள். 'ஹவுஸ் ஆஃப் லபேஜா' என்ற பெயர் அதிலிருந்து நிலைத்தது. ஹவுஸ் என்றால் ஒரே பெயரில், ஒரு குடும்பம் மாதிரி சேர்ந்து போட்டியிடும் குழு. பின்னால் டுப்ரீ, நிஞ்சா என்று வரிசையாக ஹவுஸ்கள் வந்தன. 1982இல் லத்தீன் அமெரிக்கர்களுக்கென்று எக்ஸ்ட்ராவகான்ஸா பிறந்தது. பெற்றோர் வீட்டை விட்டுத் துரத்திய பிள்ளைகளுக்கு ஹவுஸின் 'மதர்'தான் அம்மா. எய்ட்ஸ் வாரிக்கொண்டு போன ஆண்டுகளிலும் இந்தக் குடும்பங்களே ஒருவருக்கொருவர் துணை நின்றன.

போட்டிப் பிரிவுகள் எல்லாம் இந்த வாழ்க்கையிலிருந்து வந்தவை. 'ரியல்னஸ்' என்ற பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் போனால் ஒருவரும் சந்தேகமாகத் திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேர முடியுமா என்பதுதான் அதன் பரீட்சை. அடி, உதை, கைது இவற்றிலிருந்து தப்பிக்கக் கற்ற வித்தை அது. இது புரியாமல் ஜிகினாவைக் கொட்டிக்கொண்டு ரியல்னஸுக்கு வருகிறவர் அடுத்த நொடி வெளியே போவார். 'ஃபேஸ்' பிரிவில் நடுவர் டிஷ்யூவால் கன்னத்தைத் துடைத்துப் பார்ப்பதும் உண்டு. பூச்சு ஒட்டிக்கொண்டு வந்தால் கதை முடிந்தது.

ஆகவே ஆடலாம், உங்களுக்குரிய பிரிவில். 'ஃபெம் குவீன்' என்று போட்டிருப்பவை திருநங்கைகளுக்கானவை, அந்தப் பக்கம் போகாதீர்கள். பெண்கள் பிரிவு இருக்கிறதா, 'ஓடிஏ' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓடிஏ என்றால் யாரும் வரலாம். முதல் முறை 'நடக்கிறவர்களுக்கு', அதாவது போட்டியில் இறங்குகிறவர்களுக்கு, 'வர்ஜின்' பிரிவு வைப்பார்கள். கிக்கி என்பது இளைஞர்களுக்காக இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளைத்த சின்னப் போட்டிகள். பெரிய அரங்கை விட அங்கே புதியவர்களிடம் பொறுமை அதிகம். ஹவுஸ் இல்லாதவரை '007' என்று அழைப்பார்கள். அது கேலி இல்லை, பதிவு.

போட்டி அறிவிப்பான ஃபிளையரை வினாத்தாள் மாதிரி படியுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே நிறம், பொருள், கருப்பொருள் என்று ஏதாவது கேட்டிருப்பார்கள். சிவப்புக் கையுறை என்று எழுதியிருந்தால் சிவப்புக் கையுறைதான். அது இல்லாமல் போனால் எப்படி ஆடினாலும் 'சாப்', அதாவது வெட்டு. முதல் சுற்றில் நீங்கள் தனியாக வந்து நடுவர் முன் சில நொடிகள் காட்ட வேண்டும். எல்லோரும் பத்து காட்டினால் உள்ளே, ஒருவர் கையை வெட்டிக் காட்டினாலும் வெளியே. பத்து வாங்கியவர்கள் இரண்டிரண்டு பேராக மோதி, கடைசியில் ஒருவர் மிஞ்சுவார். மோதலில் எதிராளியின் முகத்துக்கு நேரே கையைச் சுழற்றலாம், வழியை மறிக்கலாம். தொடக் கூடாது.

இனி ஆட்டம். வோக் எங்கே பிறந்தது என்பதற்கு இரண்டு கதைகள் சொல்கிறார்கள். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் என்கிறது ஒன்று, கிளப்பில் பேஷன் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே டுப்ரீ ஹவுஸின் பாரிஸ் டுப்ரீ போஸ் போஸாக நின்றார் என்கிறது மற்றது. பழைய பாணியான 'ஓல்ட் வே' கோடும் கோணமும் நிறுத்தமும். 'நியூ வே' மூட்டுகளை முறுக்கி மடக்குவது. நீங்கள் யூடியூபில் பார்த்தது மூன்றாவதான 'வோக் ஃபெம்'. அதற்கு ஐந்து உறுப்புகள்: கைகள், கேட்வாக், டக்வாக், சுழற்சியும் டிப்பும், தரை ஆட்டம். 'டெத் டிராப்' என்பது தொலைக்காட்சி பரப்பிய பெயர். தோழி எதிரில் 'டிப்' என்றே சொல்லுங்கள்.

உங்கள் பரதம் உதவுமா? பாதி உதவும், பாதி காலை வாரும். முழுமண்டியில், அதாவது முழுதாகக் குந்தி, உட்கார்ந்த தொடை டக்வாக்குக்குக் கிடைத்த வரம். குதிகால் தூக்கி, முன்பாதத்தில் குந்தி, மாற்றி மாற்றிக் காலை முன்னே வீசி நகர்வதுதான் டக்வாக். ஆனால் முழங்கால் முன்னே பார்க்க வேண்டும். உங்கள் கால் பழக்கத்தில் பக்கவாட்டில் விரியும், கண்ணாடி முன் திருத்துங்கள். கைகளில் முத்திரை வைக்காதீர்கள். பதாகமோ கடகாமுகமோ எட்டிப் பார்த்தால், இவள் வேறு பாடத்துக்குப் படித்து வந்தவள் என்று நடுவருக்குத் தெரிந்துவிடும். மணிக்கட்டை எட்டு வடிவில் சுழற்றி, விரல்கள் அதன் பின்னால் இழுபட்டு வர வேண்டும்.

பெரிய தொல்லை தாளத்தில்தான். வோக் ஃபெம் இசை 1991இல் வந்த 'த ஹா டான்ஸ்' என்ற துண்டின் வாரிசு. நாலு அடியில் நாலாவதில் 'டமார்' என்று ஒரு கிராஷ் விழும், டிப் அதில் விழ வேண்டும். தாளத்தின் முதல் அடியான சமத்தில் தீர்மானத்தை (ஜதியின் முடிப்பை) வைத்தே பழகிய உடம்பு தன்னையறியாமல் அடுத்த ஒன்றில் போய் விழும். அரங்கத்தில் அது ஓர் அடி தாமதம், எல்லோருக்கும் தெரியும். பத்து நாள் விழவே வேண்டாம். பாட்டைப் போட்டுவிட்டு நடந்துகொண்டே நாலாவதில் மட்டும் கைதட்டுங்கள்.

டிப்பைத் தரையிலிருந்து மேலே கற்க வேண்டும். முதலில் யோகா பாயில் படுத்து முடிவு நிலையைப் பிடியுங்கள்: இடது கால் மடிந்து இடுப்புக்கு அடியில், பாதத்தின் மேற்புறம் தரையில், வலது கால் நீண்டு, முதுகு வளைந்து, தோள்பட்டைகள் தரையில். இதில் அரை நிமிடம் வலியில்லாமல் இருக்க முடியாவிட்டால் தொடை முன்தசையை நீட்டும் பயிற்சிதான் தேவை, டிப் இல்லை. அடுத்து குந்திய நிலையிலிருந்து இறங்குங்கள். மடித்த கால் பக்கத்துக் கை முதலில் பின்னால் தரை தொட வேண்டும், பிறகு தொடை, இடுப்பு, கடைசியில் தோள். இறங்கும்போது மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும், இல்லையென்றால் பின்மண்டை மோதும். பார்ப்பவருக்கு அது விழுவது, உங்களுக்கு அது வேகமாக உட்காருவது. நின்ற உயரத்திலிருந்து பின்னால் சாய்ந்து விழுகிறவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். முழங்கால் கெடுவதற்குக் காரணம் வேறு: பாதம் தரையில் ஒட்டியிருக்க உடம்பு மட்டும் திரும்புவது. அதனால் சுழற்சியை முழுதாக முடித்த பிறகே இறங்குங்கள்.

இரண்டு மாதம் சுழன்று டிப் போடப் போதாது என்பது எங்கள் கணிப்பு. ஃபிளையரில் 'ஹேண்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்ற கையாட்டப் பிரிவு இருந்தால் அதை எடுங்கள். கைகளுக்கும் நடைக்கும் இந்த நாட்கள் போதும். இருக்காவிட்டால் வர்ஜின் பிரிவில் நடந்து, டிப்புக்குப் பதில் கிராஷில் குந்தி ஒரு போஸில் உறையுங்கள்.

அதற்கு முன் ஒரு பயிற்சி இரவுக்குத் தோழியோடு போங்கள். கேட்காமல் யாரையும் வீடியோ எடுக்காதீர்கள், அங்கே இருப்பது வீட்டுக்குத் தெரியாதவர்கள் சிலர் இருப்பார்கள். போட்டியில் சாப் விழுந்தால் நடுவரிடம் வாதாடாமல் ஓரமாக வந்து நின்று, உங்கள் பிரிவு முடியும் வரை பாருங்கள். பத்து வாங்கியவர் கையை எங்கே நிறுத்தினார் என்று அப்போதுதான் கண்ணில் படும். முழங்கால் பேடு கால்சட்டைக்குள் மறைகிற மாதிரி மெல்லியதாக வாங்குங்கள், கைப்பந்தாட்டக்காரர்கள் போடுவது போதும்.