வெடித்த நட்சத்திரத்தின் எச்சம் விரிவதை எக்ஸ்ரேயில் அளந்து வயதைச் சொல்வது எப்படி?

ஒரே எச்சத்தைச் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை படமெடுத்து, எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். பால்வெளியின் மையத்துக்கு அருகே உள்ள ஜி1.9+0.3 இதற்கு அருமையான உதாரணம். இடையில் இருக்கும் தூசி அதன் கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைத்துவிடுகிறது. எக்ஸ்ரேயும் ரேடியோ அலையும் தாண்டி வருகின்றன.

1985-இல் எடுத்த ரேடியோ படத்தைவிட, 2007-இல் சந்திரா தொலைநோக்கி எடுத்த எக்ஸ்ரே படத்தில் வளையம்போல் தெரியும் அந்த எச்சம் சுமார் 16% பெரிதாக இருந்தது. இரண்டும் வேறு வகைப் படங்கள் ஆயிற்றே என்ற சந்தேகம் நியாயமானது. அதனால் 2008-இல் மறுபடி ரேடியோவிலேயே பார்த்து உறுதி செய்தார்கள். சரி, வயது? 16% விரிய 22 ஆண்டு என்றால், அதே வேகத்தில் முழு அளவுக்கும் விரிய எவ்வளவு ஆகும்? 22 ஆண்டை 0.16-ஆல் வகுத்தால் சுமார் 140. இதற்கு எச்சத்தின் தொலைவே தெரியவேண்டாம். இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். வேகத்தைக் கிலோமீட்டரில் சொல்லத்தான் தொலைவு வேண்டும்.

ஆனால் இப்படி வகுத்து வருவது உச்சவரம்பு மட்டுமே. சுற்றியுள்ள வாயுவில் மோதி, வெடிப்பில் கிளம்பிய அதிர்வலை மெதுவாகிக்கொண்டே வரும். தொடக்கத்தில் இன்னும் வேகமாகப் போயிருக்கும். அப்புறம் 2007, 2009 சந்திரா படங்களை மட்டும் ஒப்பிட்டபோது விரிவு ஆண்டுக்குச் சுமார் 0.64% என்று வந்தது. வேகம் குறையவே இல்லை என்று வைத்தால் 156 ஆண்டு. வேகக்குறைவையும் சேர்த்தால், நாம் பார்க்கும் நிலையில் அதன் வயது 100 ஆண்டை ஒட்டியே வருகிறது.