தே தாரிக் பிடிக்கவில்லை என்றால் குற்றமா?

கேள்வி: திருமணமாகிச் சுங்கை சிப்புட்டுக்கு வந்த எனக்குத் தே தாரிக் என்னும் பால் தேநீர் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. கெட்டிப்பாலின் தித்திப்பும் வாடையும் குமட்டுகின்றன. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) கணவர் என்னைக் கேளாமலே இரண்டு சொல்லிவிடுகிறார். தோட்டத்து உறவினர் வீடுகளில் வேண்டாம் என்றால், "எங்க வீட்டுத் தண்ணி ஆகாதா?" என்கிறார்கள் (இங்கே தேநீரையும் தண்ணி என்பார்கள்). மலேசியராக இருந்துகொண்டு தே தாரிக் குடிக்காதவளா என்ற கேலி வேறு. என்ன செய்வது?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் நாக்கில் கோளாறு எதுவும் இல்லை. தேயிலைத் தூளில் கடுஞ்சாயம் இறக்கி, எடையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் சர்க்கரையே உள்ள கெட்டிப்பாலைக் கலந்து, இரு குவளைகளுக்கிடையே உயரத் தூக்கி நுரை பொங்க ஆற்றுவதே தே தாரிக். சாயத்தின் துவர்ப்பு பாலின் புரதத்தோடு பிணைந்து அடங்கிவிடுவதால், தேயிலையின் சுவையைத் தேடுகிறவர்க்கு அதில் பாலும் இனிப்புமே மிஞ்சுகின்றன. தித்திப்பு மட்டும்தான் தொல்லை என்றால் 'குராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் பாலின் வாடையே ஆகாது என்கிற உங்களுக்குப் பாலில்லாத தே ஓ, அதிலும் சர்க்கரை வேண்டாமென்றால் தே ஓ கோசோங்தான் பொருந்தும். சிலர் ஆவிப்பால் கலந்த தே சி-யைப் பரிந்துரைப்பார்கள். அதிலும் இருப்பது பால்தான். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்றால், பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காமல் இருக்கக்கூடும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறவினர் வீடுதான் சற்றுச் சிக்கலானது. எறும்பு ஏறாதபடி தண்ணீர்த் தட்டில் நிற்கும் பால் டின்னை வீட்டார் கையில் எடுத்துவிட்ட பிறகு நீங்கள் மறுத்தால், அது அந்த வீட்டையே மறுத்ததாகிவிடும். ஆகவே "தண்ணி கலக்கட்டுமா?" என்ற குரல் அடுப்படியிலிருந்து வந்தவுடனேயே, "எனக்குப் பால் வேண்டாம் அத்தை, தே ஓ போதும்" என்று சொல்லிவிடுங்கள். தங்கள் வீட்டில் வாய் நனைக்காமல் போகிறாளே என்பதுதான் அவர்களது வருத்தம். எதைக் குடித்தீர்கள் என்பது அவ்வளவு பெரிதல்ல. சர்க்கரை நோய் என்று மட்டும் பொய் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை அதே வீட்டில் பாகற்காய்ச் சாறு காத்திருக்கும், அதை மறுக்க ஒரு வழியும் இராது.

கேலி செய்பவர்களுக்கும் பதில் உண்டு. 2024-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது மலேசியரின் காலை உணவுப் பண்பாட்டை. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவை அதில் பேசப்பட்டாலும், பல இனத்தவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கத்துக்கே அந்தச் சிறப்பு. தே ஓவோடு அந்த மேசையில் அமர்ந்திருக்கும் உங்களுக்கும் அதில் பங்குண்டு.

கணவரிடம் இதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள், கடையில் நாலு பேர் முன்னால் வேண்டாம். அதன் பிறகும் வழக்கம்போல் அவர் இரண்டு சொல்லிவிட்டால், இரண்டையும் அவரே குடிக்கட்டும்.