கொரோனாவுக்கு எத்தனை மார்க்?

கேள்வி: கொரோனாவை மத்திய அரசு சமாளித்த விதத்துக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஒரே பேப்பராக இருந்தால் போட்டுவிடலாம். தடுப்பூசிக்குத் தாராளமாகவே போடுவேன். 2021 ஜனவரி 16-ல் ஆரம்பித்து, அக்டோபர் 21-ல் 100 கோடி டோஸ் என்பது லேசான காரியமில்லை. (18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று மே மாதம் கைகழுவிவிட்டு, ஜூனில் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்ட கூத்து தனி.)

ஊரடங்குக்குத்தான் மார்க் போடக் கை வரவில்லை. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவிப்பு, 12 மணிக்கு நாடே மூடல். டெல்லியில் தினக்கூலிக்கு இருக்கிறவர் நாலு மணி நேரத்தில் பீகாருக்கு எப்படிப் போய்ச் சேருவார்? தொழிலாளர்களுக்குச் சிறப்பு ரயில் விட்டதே மே 1-ல்தான். மே 8 விடியற்காலை மகாராஷ்டிராவின் ஔரங்காபாத் அருகே, நடந்த களைப்பில் தண்டவாளத்திலேயே தூங்கிவிட்ட 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டுச் செத்தார்கள். வழியில் தின்ன வைத்திருந்த சப்பாத்திகள் ஜல்லியில் சிதறிக் கிடந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் சாவுக் கணக்கு. 2021 முடிய அரசு சொன்னது சுமார் 4.8 லட்சம். நேரடியாகவும் மறைமுகமாகவும் 47 லட்சம் என்றது உலக சுகாதார நிறுவனம். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. சரி, 2021-ன் இறப்புப் பதிவு அறிக்கையையாவது சீக்கிரம் கொடுத்தார்களா? 2025 மே மாதம்தான் வெளியிட்டார்கள்.