அம்மாவின் மருந்து விபரத்தை டொக்டர் கேட்டு எழுதிய பிறகும், பார்மசியில் இருந்து ஒருவர் வந்து திரும்பவும் கேட்கிறார். எதற்காக?

நான் இங்கிலாந்தில் ஒரு பொது ஹொஸ்பிட்டலில் பார்மசி டெக்னீசியன். உங்கள் அம்மாவின் கட்டிலடிக்கு வந்தவர் செய்த வேலையைத்தான் நானும் தினமும் செய்கிறேன். வருத்தத்தோடு படுத்திருப்பவரிடம் இரண்டு பேர் அடுத்தடுத்து வந்து கேட்டால் எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் டொக்டர் எழுதுவது பெரும்பாலும் ஜிபியின் (குடும்ப டொக்டரின்) கணினியில் இருக்கும் பட்டியல். எழுதிக் கொடுத்த மருந்து எது என்று அது சொல்லும். உண்மையில் எது வாய்க்குள் போகிறது என்பதை யாராவது கட்டிலடியில் நின்று கேட்டால்தான் தெரியும். அதைத்தான் நாங்கள் ‘டிரக் ஹிஸ்டரி’, அதாவது மருந்து வரலாறு, எடுப்பது என்போம்.

ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவைச் சொல்கிறேன் (ஆள் அடையாளம் தெரியாதபடி இந்தப் பதிலில் எல்லோருடைய விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்). இரவில் பாத்ரூமுக்கு எழும்பித் தலைசுற்றி விழுந்து வந்திருந்தார். பட்டியலில் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு என்ற நீர்க் குளிசை. பார்த்தால் ஒரு பிழையும் தெரியாது. வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரும்படி மகளிடம் சொன்னேன். பின்னேரம் அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தால், இங்கத்தைய பெட்டிகளோடு ரப்பர் பாண்ட் போட்ட நாலைந்து குளிசை அட்டைகள். ஊருக்குப் போன நேரம் கொழும்பில் ஒரு டொக்டர் எழுதியதாம். அட்டையில் பெரிய எழுத்தில் கம்பனி வைத்த பெயர். ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துக் கீழே இருந்த பொடி எழுத்தை வாசித்தேன். அம்லோடிபின் 10.

“அது ஊர்ப் பிரஷர் குளிசை தம்பி. இது இங்கத்தையது. காலமை ஒண்டு, இரவு ஒண்டு” என்றார் அம்மா.

நாளுக்கு 15 மில்லிகிராம். அந்த மருந்தின் உச்ச அளவே 10. கால் வீக்கம் அம்லோடிபினின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. அந்த வீக்கத்துக்கு நீர்க் குளிசை கொடுக்க, பிரஷர் இன்னும் இறங்கியிருக்கிறது. நான் எதையும் நிறுத்தவில்லை. எனக்கு அந்த அதிகாரம் கிடையாது. அட்டையில் இருந்ததையும் அம்மா சொன்னதையும் அப்படியே எழுதி, பார்மசிஸ்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் டொக்டரும் கதைத்து ஊர்க் குளிசையையும் நீர்க் குளிசையையும் நிறுத்தினார்கள்.

இங்கிலாந்தில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பின் 2015 வழிகாட்டுதல்படி, ஹொஸ்பிட்டலில் சேர்ந்த 24 மணித்தியாலத்துக்குள் மருந்துகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒரே ஒரு இடத்து விபரத்தை மட்டும் நம்பக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஜிபி பதிவு, நோயாளியின் வாய்மொழி, கையில் இருக்கும் பெட்டி, வழக்கமாக மருந்து எடுக்கும் கடை, முதியோர் இல்லத்தின் தாள் என்று குறைந்தது இரண்டையாவது ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்பவர் சும்மா கவுண்டரில் நிற்கும் உதவியாளர் என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 2011 ஜூலையில் இருந்து பதிவு பெற்றவர்தான் பார்மசி டெக்னீசியன் என்ற பெயரில் வேலை செய்யலாம்.

பட்டியலில் ஏறாத மருந்துகள்தான் எனக்கு எப்போதும் பயம். கால் முறிந்து சத்திரசிகிச்சைக்கு வந்த ஒருவர், ‘மருந்து ஒன்றும் இல்லை’ என்றார். பட்டியலும் வெறுமை. ஆனால் ரெலிபோனில் அவருடைய அக்கா, கதையோடு கதையாக, ‘மாதம் மாதம் இரத்தம் எடுக்கக் கிளினிக்குப் போறவன்’ என்றார். அந்தச் சொல்லில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளோசபின். மனச்சிதைவுக்கான அந்த மருந்து எடுப்பவருக்கு இரத்தத்தைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். அதைச் சிறப்புக் கிளினிக் நேரடியாகக் கொடுப்பதால் ஜிபி பட்டியலில் பல நேரம் இருக்காது. 48 மணித்தியாலத்துக்கு மேல் விடுபட்டால் பழைய அளவில் திரும்பத் தொடங்க முடியாது, 12.5 மில்லிகிராமில் இருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். அவர் கடைசியாகக் குளிசை போட்டு அப்போது ஒன்றரை நாள். கிளினிக்கை அழைத்து அளவை உறுதி செய்து அன்றிரவே கொடுக்க வைத்தோம்.

நேரமும் மருந்து வரலாற்றில் சேரும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா ‘நாளுக்கு நாலு தடவை’ என்று எழுதினால் வார்டில் எட்டு மணி, பன்னிரண்டு மணி என்று மருந்து வண்டி வரும்போதுதான் கிடைக்கும். அவர் வீட்டில் ஏழு, பதினொன்று, மூன்று, ஏழு என்று எடுப்பவராக இருந்தால், அந்த ஒரு மணித்தியாலத்தில் கை கால் இறுகிக் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் போகும். மூட்டுவாதம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடும் குளிசை. எந்த நாள் என்று கேட்டு எழுதாமல் விட்டு, யாராவது அதைத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

கேட்கும் விதமும் முக்கியம். ‘வேறு மருந்து இருக்கா?’ என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். கண்ணுக்கு விடும் துளி, இழுக்கும் பம்ப், தோலில் ஒட்டும் பிளாஸ்டர், மாத ஊசி, கடையில் தானாக வாங்கும் நோவுக் குளிசை, ஊரில் இருந்து வந்த லேகியம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வரும். ‘பெனிசிலின் ஒத்துக்காது’ என்றால் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். வயிற்றோட்டமா, உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

இதற்கு டெக்னீசியன் போதுமா, பார்மசிஸ்ட் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், நிறைய மருந்து எடுக்கும் 306 நோயாளிகளைப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் எடுத்த மருந்து வரலாற்றில் ஆளுக்குச் சராசரி 8 பிழை. பார்மசிஸ்ட் எடுத்ததில் 1.4. பார்மசிஸ்டின் மேற்பார்வையில் டெக்னீசியன் எடுத்ததில் 1.5. இந்த எண்களை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆள் வரும்போது, அம்மாவோடு ஐந்து நிமிடம் தனியாகக் கதைக்க விடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் எங்கள் பெரியவர்கள் ‘எல்லாம் ஒழுங்காப் போடுறன்’ என்றுதான் சொல்வார்கள். சீனி வருத்தம் உள்ள ஒரு ஐயா அப்படித்தான் சொன்னார். மகன் கன்ரீனுக்குப் போனதும் என் கையைப் பிடித்தார். “ஊசி முழுக்கப் போட்டா இரவில வேர்த்து நடுங்குது தம்பி. நான் குறைச்சுத்தான் போடுறனான். பெடியனுக்குச் சொல்லிப் போடாதேங்கோ.”

“அவருக்குச் சொல்ல மாட்டன் ஐயா. ஆனா டொக்டருக்குக் கட்டாயம் தெரிய வேணும்” என்றேன். வீட்டில் அவர் போடாத அளவை வார்டில் நேர்ஸ் முழுதாகப் போட்டிருந்தால் அன்றிரவே சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும். ‘இன்சுலின் 30 யூனிட்’ என்றிருந்த வரிக்குப் பக்கத்தில் ‘வீட்டில் போடுவது 16’ என்று எழுதி, பார்மசிஸ்டைத் தேடிப் போனேன்.