எந்த இடத்தில் நோகிறது? பாத வலி பற்றிய கேள்வி பதில்

கேள்வி (கொக்குவில், ஓய்வுபெற்ற ஆசிரியை): காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஊசி ஏற்றியது போல வலிக்கிறது, சிறிது நடந்தால் தணிகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அதை வெட்டி எடுக்க வேண்டுமா, டொக்டர்?

பதில்: தேவையில்லை, அம்மா. உங்கள் முதல் வரியிலேயே நோய் பாதி தெரிந்துவிட்டது. குதி எலும்பின் அடியிலிருந்து விரல்களை நோக்கி விரியும் தடித்த சவ்வு, இரவில் தளர்ந்து சுருங்கியிருந்து, காலையில் உடற்பாரம் ஏறியதும் திடீரென இழுபடுவதாலேயே வலி முதல் அடியில் கடுமையாகவும், நடக்க நடக்கக் குறைந்தும், நெடுநேரம் நின்றால் மீண்டும் கூடியும் வருகிறது. வைத்தியர் குதியின் அடியில் உட்பக்கமாக விரலால் அழுத்துவார். பின்பு கால் பெருவிரலை மேலே மடக்கிச் சவ்வை இழுத்துப் பார்ப்பார். அதே வலி எழுந்தால் பெரும்பாலும் எக்ஸ்ரேயே வேண்டியதில்லை. முள் போன்ற அந்த எலும்பு, ஒருநாளும் குதி வலித்திராத பலருக்கும் இருக்கிறது. காலைத் தொட்டுப் பாராமல் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் முடிவை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஆனால் குதியை இரு பக்கமும் பிடித்து நெரிக்கும்போது வலித்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். இளவயதினருக்கு இரு குதிகளும் வலித்து, காலையில் இடுப்பும் விறைத்திருந்தால், முள்ளந்தண்டைத் தாக்கும் மூட்டுவாதத்தையும் தேடவேண்டும்.

கேள்வி (பருத்தித்துறை): செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை சென்றேன். வழியில் பாதத்தின் மேற்புறம் வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லையாம். ஆனால் நடக்க நடக்க வலி கூடுகிறது.

பதில்: முறிவு இல்லை என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, தம்பி. தொடர்ந்த நடையால் விரல்களுக்குப் பின்னுள்ள நீண்ட எலும்புகளில் ஏற்படும் மயிரிழை முறிவு, முதல் 2 அல்லது 3 வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கக்கூடும். ஆறத் தொடங்கி, சுற்றிலும் புதிய எலும்பு படிந்த பின்பே தென்படும். வலிக்கும் இடத்தை ஒரே விரலால் சுட்டிக்காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், மறுபடி படம் எடுக்கும்வரை அல்லது எம்.ஆர்.ஐ. செய்யும்வரை, முறிவு என்றே கருதிக் காலுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும்.

கேள்வி (மானிப்பாய்): நள்ளிரவில் கால் பெருவிரல் மூட்டுச் சிவந்து, போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. இரத்தத்தில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருக்கிறதே?

பதில்: இது யூரிக் அமிலப் பளிங்குகள் மூட்டில் படிவதால் வரும் கவுட் (gout) எனும் மூட்டுவாதமாக இருக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது அந்த அளவு சாதாரணமாகவே காட்டலாம், தணிந்து இரண்டு வாரங்களின் பின் மீண்டும் பார்க்கவேண்டும். உறுதியான வழி, மூட்டு நீரை ஊசியால் எடுத்து நுணுக்குக்காட்டியில் ஊசி வடிவப் பளிங்குகளைத் தேடுவதே. காய்ச்சலும் இருந்தால், மூட்டில் கிருமித் தொற்று இல்லையென்று காத்திருக்காமல் உடனே உறுதிப்படுத்தவேண்டும்.

கேள்வி (சாவகச்சேரி): அப்பாவுக்குப் பதினைந்து வருடமாக நீரிழிவு. இரவில் உள்ளங்கால் எரிகிறது என்கிறார். ஆனால் முள் ஏறியதை அவர் அறியவில்லை, நாங்கள்தான் கண்டோம்.

பதில்: எரிவும் உணர்வின்மையும் ஒரே நரம்புப் பாதிப்பின் இரு முகங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையை, அப்பாவின் கண்களை மூடச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் பல இடங்களில் தொடுவார்கள். 128 ஹேர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். நெடுநாள் மெற்ஃபோமின் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவராயின் விற்றமின் பி12 அளவையும் பார்ப்பது நல்லது, அது குறைந்தாலும் நரம்பு பாதிக்கப்படலாம். இரத்த ஓட்டத்துக்காகக் கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் இரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள்: விடை 0.9 இலும் குறைந்தால் அடைப்பு உண்டு. ஆனால் நீரிழிவில் நாடிகள் சுண்ணாம்பேறி இறுகிவிடுவதால் 1.4 இலும் கூடிய எண் வரலாம். அதை நல்ல செய்தியாக எடுக்கக் கூடாது.

நல்லூர்த் திருவிழாவில் வெயிலேறிய மணலில் அவர் வெறுங்காலுடன் பிரதட்டை செய்பவராயின், கொப்புளம் எழுந்தாலும் உணரமாட்டார். வீடு திரும்பியதும் விரலிடுக்கு உட்பட இரு பாதங்களையும் நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்து, வலியே இல்லாவிட்டாலும், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். நீரிழிவில் எலும்புகள் ஓசையின்றி நொறுங்கத் தொடங்குவது அப்படித்தான் தெரியவரும்.